ஏடும் ஆக்கவுரிமையும்

வாய்மொழியாய் வந்த பாளித் திரிபிடகம் கி. மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை அலுவிகாரையில் ஏடேறிற்று என்பது மரபு. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அவ்விகாரையின் ஏடுகள் பல அழிந்தன. பிறவிடங்களிற் படிகள் இருந்தமையால் நூல் அழிந்திலது.

கணினிச் செயல்நிரலையும் நூல்களோடு ஒருங்கெண்ணிப் பதிப்புரிமையுள் அடக்கியது இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிப்புரிமை காப்பது வாசகத்தையே, கருத்தையன்று. அதனாலன்றோ லினஸ் டோர்வால்ட்ஸ் யுனிக்சை ஒத்த லினக்சின் கருவைத் தாமே புதிதாய் எழுதி 1991இல் வெளியிட முடிந்தது!

ஆக்கவுரிமையோ வழிமுறையையே பற்றும். பிறர் நிரலைக் கண்ணாற் காணாது எழுதியவனும் அதற்குத் தப்பான். கோப்பிற்கு நெடும்பெயரும் குறும்பெயரும் ஒருங்கேயிடும் முறைக்கு அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றிருந்த மைக்ரோசாப்ட், லினக்சைத் தன் வழிகாட்டுக் கருவிகளிற் பயன்படுத்திய டாம்டாம் நிறுவனத்தின்மீது 2009இல் வழக்கிட்டது. டாம்டாம் பணஞ்செலுத்தி இணங்கிற்று. இதிற் பணத்தினும் பெரியதொரு சிக்கலுண்டு. பெறுவோர் யாவரும் கட்டணமின்றி மீண்டும் வழங்க இயலாவாறு ஆக்கவுரிமை தடுக்குமாயின், அந்நிரலை வழங்கவே கூடாதென்பது லினக்சின் உரிம விதி. படியெடுத்தலே நின்றுவிடும்.

2004 இறுதியில் அவசரச் சட்டத்தால் இந்தியா இத்தகைய உரிமைக்குத் திறந்த வாயிலை, அந்நாட்டுப் பாராளுமன்றம் 2005இல் அடைத்துவிட்டது.