33ஆம் ஒழுங்கையில் ஒரு வீடு

எமது வீடுகளில் உள்ள பொருட்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், இந்தக் கரையோரத்தின் ஐந்நூறு ஆண்டுச் சரித்திரம் அதிலே தெரியும். கதிரை, மேசை, அலுமாரி, ஜன்னல், விறாந்தை, குசினி, சாவி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கக்கூசு ஒல்லாந்தருடையது. முஸல்லா அறபு. திண்ணை, முற்றம், தூண், பாய் ஆகியவை எமது சொந்தத் தமிழ். இவற்றுள் எதையும் அந்நியச் சொல் என்று எந்த உம்மாவும் வீட்டை விட்டுத் துரத்தியதில்லை.

சொல்லில் இல்லாத கூச்சம் கட்டடத்தில் மட்டும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வீடு கட்டப் புறப்படும்போது “எமது பாணி எது?” என்ற கேள்வி இப்போது எழுகின்றது. முகப்பிலே குதிரைலாட வளைவும், மொட்டைமாடி மூலையிலே சிறு குவிமாடமும் வைத்தால் அது முஸ்லிம் வீடாகிவிடும் என்று எண்ணுவோர் உளர். வேறு சிலரோ சஞ்சிகைகளில் கண்டவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து கொட்டுகின்றனர். பல பாணிகள் ஒரு வீட்டிலே சண்டையின்றிக் கூடியிருக்க முடியுமா? முடியும் என்பதற்குக் கொழும்பிலேயே ஒரு சான்று இருக்கின்றது.

பகத்தலை வீதியை ஒட்டிய 33ஆம் ஒழுங்கையின் 11ஆம் இலக்க வீடு, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த இல்லம். 1919இல் கொழும்பில் பிறந்த பாவாவின் குருதியே ஒரு கலவைதான். தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம் வழக்கறிஞர். பாட்டி ஆங்கிலப் பெண்மணி. தாய்வழியிலே ஜேர்மன், ஸ்கொட்லாந்து, சிங்கள இரத்தம் ஓடியது. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் கற்றார், பின்னர் சட்டத்தரணியானார், அத்தொழில் பிடிக்காமல் உலகம் சுற்றினார். 1948இல் பென்தோட்டைக்கு அருகே லுணுகங்க என்ற இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். இலண்டனில் கட்டடக்கலை கற்று முடித்தபோது ஆண்டு 1957, வயது முப்பத்தெட்டு. மாணவர்கள் பிந்திப் படித்தால் முகம் சுளிக்கும் எமது ஆசிரியர் கூட்டம் இதனைக் குறித்துக்கொள்வது நன்று.

அந்த ஒழுங்கையின் அந்தத்தில் நான்கு சிறு வீடுகள் வரிசையாக நின்றன. 1958இல் அவற்றுள் மூன்றாவது பாவாவின் கைக்கு வந்தது. ஓர் இருப்பறை, ஒரு படுக்கையறை, சின்னஞ்சிறு குசினி, வேலையாளுக்கு ஓர் அறை. அவ்வளவுதான். நான்காவது வீடு காலியானதும் சுவரை உடைத்து அதனையும் சேர்த்தார். பத்தாண்டுகளின் பின் எஞ்சிய இரண்டும் கிடைத்தன. வரிசையில் முதலாவது வீட்டை இடித்து, அவ்விடத்தில் கோபுரம் போன்ற ஒரு மாடிக் கட்டடத்தை எழுப்பினார். அதன் கீழ்த்தளத்திலே அவருடைய பழைய றோல்ஸ் றோய்ஸ் வாகனம் நின்றது. நான்கு வீடுகளுக்கும் இடையில் இருந்த கோடிகளும் பின்முற்றங்களும் மறைந்துவிடவில்லை. வானம் பார்த்த சிறு முற்றங்களாகி, வெளிச்சத்தையும் மழையையும் உள்ளே கொண்டுவந்தன.

இனி உள்ளே இருப்பவற்றைப் பாருங்கள். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து வந்த மரத்தூண்கள். அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் சித்திரம் தீட்டிய கதவுகள். ஏனா டி சில்வாவின் பற்றிக் துணிகள்; பற்றிக் யாவா மண்ணின் கலை, ஏனாவோ கண்டிப் பிரதானி குடும்பத்து மகள். லக்கி சேனாநாயக்கவின் கைவண்ணம். பின்லாந்திலே பிறந்து அமெரிக்காவில் பெயர் பெற்ற ஈரோ சாரினன் வடிவமைத்த, ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளைக் கதிரைகள். பட்டியலை மட்டும் வாசித்தால் ஏலக்கடை ஒன்றின் ஞாபகம் வரும். வீட்டினுள்ளே அப்படி இல்லை.

காரணம் பொருட்களில் இல்லை என்பது என் கருத்து. வாசலிலிருந்து உள்ளே செல்லும் நீண்ட நடையில் சுவரும் வெள்ளை, நிலமும் வெள்ளை. கண்ணுக்கு முதலில் கிடைப்பது ஓய்வு. நடையின் முடிவிலே வெளிச்சம் விழுகின்றது; வெளிச்சம் விழுகின்ற இடத்தில் ஒரு பொருள் நிற்கின்றது. அடுத்ததைக் காண ஒரு திருப்பம் கடக்க வேண்டும். செட்டிநாட்டுத் தூணும் சாரினனின் கதிரையும் ஒன்றோடொன்று போட்டியிடாதிருப்பதன் சூட்சுமம் இந்த இடைவெளிதான். மற்றது காலம். ஒரு பொருள் வந்து சேர்ந்து, அதற்குரிய மூலை எதுவென்று தெரிந்த பின்னரே அடுத்தது வந்திருக்கின்றது. பத்து வருடத்துக்கு மேல் வளர்ந்த வீடு அது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா உழைப்பில் எழுந்த எம்மூர் வீடுகளுக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை. ஆறு மாத விடுமுறைக்குள் அத்திவாரமும் போட்டுக் குடிபூரலும் முடிய வேண்டுமென்றால், தூணும் வளைவும் தரையோடும் ஒரே லொறியில்தான் வந்து இறங்கும். அதற்காக அந்த வாப்பாமாரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

ஏனா டி சில்வாவுக்காக 1960இல் தொடங்கிய அல்பிரட் பிளேஸ் வீடு இன்னும் நெருக்கமாகக் கவனிக்கத்தக்கது. தெருவுக்கு முதுகு காட்டும் மதில். உள்ளே பெரிய நடுமுற்றம். அதனைச் சுற்றி விறாந்தைகளும் அறைகளும். சிங்களவர் இம்முற்றத்தை மெத மிதுல என்பர்; யாழ்ப்பாணத்தார் நாற்சார் வீடு என்பர்; காலிக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் காலத்து ஒடுங்கிய நீண்ட வளவுகளில் குடியிருந்த எம்மவருக்கும், பெண்கள் தெருப்பார்வை படாமல் காற்று வாங்கிய இடம் இதுதான். மூன்று சமூகங்களும் தத்தமது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒன்றை, எவருக்குரியது என்று எழுதி ஒட்டாமல் பாவா எடுத்தாண்டார். இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெளிநாட்டுச் சாமான்கள் அரிதாகியிருந்த காலம் அது. உள்ளூர் மரமும் கல்லும் ஓடும் கைகொடுத்தன. அவரும் டென்மார்க்கைச் சேர்ந்த அவருடைய சகா உல்ரிக் பிளெஸ்னரும் கையாண்ட ஓர் உபாயத்தை இங்கு சொல்லியாக வேண்டும். அலையலையான சிமெந்துச் சீற்றைக் கீழே விரித்து, அதன் மேலே அரைவட்டப் பீலி ஓட்டைப் பதிப்பது. சீற்று ஒழுக்கைத் தடுக்கும். ஓடு வெயிலைத் தாங்கும். பார்வைக்குப் பழைய கூரை. தொழிற்சாலையும் சூளையும் சேர்ந்து செய்த கூரை அது.

பாவாவின் பாட்டனாரைக் காட்டி, ‘அவர் எம்மவர்’ என்று உரிமை கோரும் பேச்சு எம்மிடையே உண்டு. பெருமைப்படுவதில் தவறில்லை. ஆயினும் அவர் முஸ்லிம் சூழலில் வளர்ந்தவர் அல்லர். அவருடைய வீட்டைத் துண்டு துண்டாகப் பங்கு பிரித்தால் எந்தச் சமூகத்துக்கும் வீடு மிஞ்சாது, தூண்களும் கதவுகளுமே மிஞ்சும். அவரைக் கொண்டாட விரும்புவோர் இன்னொரு காட்சியையும் பார்க்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் காலிக் கோட்டையின் வீடுகள் பல வெளிநாட்டார் கைக்கு மாறின. முஸ்லிம் குடும்பங்கள் விற்றவையும் அவற்றுள் அடங்கும். வாங்கியவர்கள் அதே நடுமுற்றத்தைத் துப்புரவாக்கி, சுவருக்கு வெள்ளையடித்து, பழைய கதிரை இரண்டைப் போட்டு, ஓரிரவுக்கு டொலர்க் கணக்கில் வாடகை வாங்குகின்றனர். நாம் ‘பழசு’ என்று விட்டு வந்தது அது.

பாவா 2003இல் காலமானார். 11ஆம் இலக்க வீடு அவர் பெயரிலான நம்பிக்கை நிதியத்தின் பராமரிப்பில் இருக்கின்றது. முன்கூட்டி அறிவித்துச் சென்றால் பார்க்கலாம். ஏனாவின் வீடு நின்ற காணி விற்கப்பட்டது. 2009இல் அவ்வீட்டைக் கழற்றத் தொடங்கினர். ஓடு, தூண், கதவு, கல் என ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, லுணுகங்கவுக்குக் கொண்டுசென்று மறுபடி பொருத்தினர். ஏனா 2015இல் மறைந்தார். அந்த நடுமுற்றத்தில் இப்போது பென்தோட்டை மழை விழுகின்றது.