வாயேஜர் கப்பலும் இரண்டு விசாரணைகளும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியா கட்டிய நாசகாரிக் கப்பல்களுள் ஒன்று ‘வாயேஜர்’. சிட்னியின் காக்கட்டூ தீவில் உருவாகி, 1952 மார்ச் 1ஆம் நாள் நீரில் இறக்கப்பெற்ற அக்கப்பல், 1957 பிப்ரவரி 12ஆம் நாள் கடற்படைப் பணியில் சேர்ந்தது. தென்கிழக்காசியப் பாதுகாப்புக்கெனப் பொதுநலவாய நாடுகள் அமைத்த தூரகிழக்குச் சேமப்படையில் பலமுறை பணியாற்றியதால், நம் கடற்பகுதிக்கும் அது அறிமுகமான கப்பலே.

1964 பிப்ரவரி 10ஆம் நாளிரவு, நியூ சவுத் வேல்சின் ஜெர்விஸ் குடாவுக்கு அப்பால் ‘மெல்பர்ன்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலுடன் அது பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. விமானம் கடலில் வீழ்ந்தால் வீரர்களை மீட்பதற்காகப் பின்தொடர்ந்து வருவதே வாயேஜருக்கு இடப்பட்ட பணி. ஒன்பது மணியை நெருங்குகையில், தன் இடத்திற்குத் திரும்ப முற்பட்ட அது மெல்பர்னின் முகப்பைக் குறுக்கிட்டு, மோதுண்டு இரண்டாகப் பிளந்தது. கப்பலிலிருந்த 314 பேரில் 82 பேர் மாண்டனர். மூழ்கும் முன்பகுதியில் தோழர்களை வெளியேறச் செய்து, தாம் உயிர்நீத்த ஜொனதன் ராஜர்ஸுக்கு மறைவுக்குப்பின் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பெற்றது.

கப்பல் ஏன் அவ்வாறு திரும்பியது? விடை கூறக்கூடிய தலைவர் டங்கன் ஸ்டீவன்ஸும் முதன்மை அதிகாரிகளும் உயிருடன் இல்லை. அவ்வாண்டே விசாரித்த முதல் அரச ஆணையம், வாயேஜரின் கண்காணிப்புக் குறைபாட்டை முதன்மைக் காரணமாகக் கொண்டது. ஆயினும், மெல்பர்னின் தலைவர் ராபர்ட்சனையும் குறைகூறியது. கரைப்பணிக்கு மாற்றப்பட்ட அவர், ஓய்வூதியத்தையும் இழந்து பதவி விலகினார்.

பின்னர், வாயேஜரில் துணைத்தலைவராக இருந்த பீட்டர் கபன், ஸ்டீவன்ஸின் உடல்நலம், குடிப்பழக்கம் ஆகியன குறித்து வாக்குமூலம் அளித்தார். 1967 மே மாதம், ஆளுங்கட்சி உறுப்பினர் எட்வர்ட் செயின்ட் ஜான் தம் கன்னியுரையிலேயே இதனை எழுப்பினார். இரண்டாம் ஆணையம் அமைந்தது. ஸ்டீவன்ஸ் உடல்நல அடிப்படையில் தலைமைப் பொறுப்புக்குத் தகுதியற்றிருந்தார் எனவும், ராபர்ட்சன் மீது குற்றமில்லை எனவும் அது கண்டது. அரசு ராபர்ட்சனுக்கு 60,000 டாலர் வழங்கியது.

ஒரே நிகழ்வை ஆஸ்திரேலியாவில் இரண்டு அரச ஆணையங்கள் ஆராய்ந்தது அதுவரை நிகழாதது. முதல் அறிக்கையும் முறையான ஆவணமே. ஆனால், அது கேளாத சாட்சியம் ஒன்று வெளியே இருந்தது. வரலாறு பயிலும் மாணவர், அரசு முத்திரை பெற்ற ஆவணத்தை வாசிக்கும்போதும், யாருடைய சொல் அதில் இடம்பெறவில்லை என வினவுதல் வேண்டும்.