கோர்ட்டுக்குப் போகாமல் தீர்ந்த இரண்டு தண்ணீர் வழக்குகள்

மடைத் தண்ணீர்த் தகராறோ, வேலித் தகராறோ, கோர்ட்டு வாசலை மிதிக்காமல் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொள்வது நம் பாலக்காட்டு கிராமங்களுக்குப் புதிதல்ல. அது இரண்டு வீடுகளுக்கு நடுவே நடப்பது. இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே தகராறு வந்தால்? இடுக்கி எல்லையில் ஒன்று, பாலக்காடு எல்லையில் ஒன்று என இரண்டு பெரிய வியாஜ்யங்கள் ஒரே நாளில் பேசி முடிக்கப்பட்டன. அந்த நாள் 1970 மே 29.

முதலில் இடுக்கிப் பக்கம். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றை மலைக்குள் சுரங்கம் வெட்டி மதுரைச் சீமைக்குத் திருப்ப வேண்டும் என்பது சென்னை அரசாங்கத்தின் வெகுநாள் ஆசை. ஆறோ திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. 1886 அக்டோபர் 29 அன்று குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், குத்தகைக் காலம் 999 வருஷம்! திருவிதாங்கூர் சார்பில் கையெழுத்திட்டவர் திவான் வெம்பாக்கம் ராமய்யங்கார். எதிர்த் தரப்பில் ரெஸிடெண்ட் ஹானிங்டன். விசாகம் திருநாள் மகாராஜா தம் இதய ரத்தத்தால் கையெழுத்திடுவதாகச் சொல்லி வருந்தினார் என்றொரு கதை கேரளத்தில் இன்றும் உலவுகிறது. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் 1885லேயே காலமாகி விட்டார். பத்திரம் எழுதப்பட்டது மூலம் திருநாள் காலத்தில்.

அந்தப் பத்திரத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஷரத்து ஒன்று உண்டு. தகராறு வந்தால் தரப்புக்கு ஒருவராக இரண்டு மத்யஸ்தர்கள். அவர்களுக்குள் அபிப்ராய பேதம் வந்தால் அவர்களுக்கு மேல் ஒரு நடுவர். இந்த ஷரத்துக்கும் வேலை வந்தது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895 முதல் பாசனத்துக்குத் தண்ணீர் தந்து வந்தது. பிறகு அதே தண்ணீரில் மின்சாரமும் எடுக்கலாமே என்று சென்னை நினைத்தது. "பாசனத்துக்குத்தான் கொடுத்தோம், மின்சாரத்துக்கு அல்ல" என்றது திருவிதாங்கூர். மத்யஸ்தர்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. விஷயம் நடுவர் ஸர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போயிற்று. 1941 மே 12 அன்று அவர் தந்த தீர்ப்பு திருவிதாங்கூருக்குச் சாதகம்: பாசனம் தவிர வேறெதற்கும் சென்னைக்கு உரிமை இல்லை. அப்போது அங்கே திவான் ஸர் சி.பி. ராமஸ்வாமி ஐயர்.

ஜயித்தது ஒருவர், தோற்றது ஒருவர். ஆனால் தண்ணீர் மலையிலிருந்து வீணே இறங்கிக்கொண்டிருந்தது! சுதந்திரம் வந்து, ராஜ்யங்கள் மாறிய பிறகு மறுபடியும் பேச்சு தொடங்கியது. கூடலூருக்கு மேலே லோயர் கேம்பில் மின் நிலையமும் ஓடத் தொடங்கிவிட்டது. கடைசியில் 1970ல், கேரளத்தில் அச்சுத மேனனும் தமிழகத்தில் கருணாநிதியும் முதல்வர்களாக இருந்தபோது, துணை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. குத்தகை 5 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆயிற்று. மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. மின்சாரம் எடுக்கத் தமிழகத்துக்கு அனுமதி. அதற்கு வருஷத்தில் 35 கோடி யூனிட் வரை கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாய், அதற்கு மேல் 18 ரூபாய். (ஒரு கிலோவாட்-ஆண்டு என்பது 8,760 யூனிட். கணக்குப் போட்டால் 35 கோடி யூனிட்டுக்குச் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்தான். விலை மலிவு என்று கேரள நண்பர்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது.) நடுவர் தீர்ப்பில் "கிடையாது" என்று ஆன ஒன்று, பேச்சில் "விலைக்கு உண்டு" என்று ஆயிற்று. தீர்ப்பு சொல்பவரால் பத்திரத்தில் உள்ளதைத்தான் வாசிக்க முடியும். பத்திரத்தையே மாற்றி எழுத சம்பந்தப்பட்டவர்களால் மட்டுமே முடியும்.

இனி பாலக்காடு. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. பக்கத்துச் சித்தூரோ பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. மாநிலங்கள் பிரிந்ததும் ஆழியாறு, பரம்பிக்குளம் தண்ணீர் இரு மாநில விவகாரமாயிற்று. அதே மே 29 அன்று பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தமும் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. பரம்பிக்குளம் அணை பாலக்காடு ஜில்லாவில் இருக்கிறது, பராமரிப்பது தமிழகம். பதிலுக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. மணக்கடவில் சித்தூர்ப் புழைக்கு விட வேண்டும். எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த சோகநாசினி இந்தப் புழைதான். சோலையாற்றில் கேரளத்துக்கு 12.3 டி.எம்.சி.

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் 1979ல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்தது. முல்லைப் பெரியாறு பற்றிப் பீதி எழுந்து, நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அதிலிருந்து வழக்கு கோர்ட்டுப் பக்கம் நகர்ந்தது. 2006 பிப்ரவரி 27ல் சுப்ரீம் கோர்ட் 142 அடிக்கு அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் சட்டம் திருத்தியது. 2014 மே 7ல் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தத்தை ரத்து செய்து 142 அடியை உறுதி செய்தார்கள். அதன் பிறகும் மனுக்கள் ஓயவில்லை. வாடகையையும் பங்கையும் பேரம் பேசலாம். அணைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவனின் பயத்தை எந்த மேஜையில் வைத்துப் பேரம் பேசுவது? கோர்ட்டும் அடியைத்தான் நிர்ணயிக்க முடிந்தது.

பரம்பிக்குளம் ஒப்பந்தத்தை 30 வருஷத்துக்கு ஒரு முறை பரிசீலிக்க வேண்டும். 1988லேயே முதல் தவணை வந்துவிட்டது. 2019 செப்டம்பர் 25 அன்று முதல்வர்கள் பினராயி விஜயனும் எடப்பாடி பழனிசாமியும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, அதற்கென்று குழு அமைக்கத் தீர்மானித்தார்கள். சித்தூர், தத்தமங்கலம் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள், மணக்கடவில் இந்த வருஷம் எவ்வளவு அளந்தார்கள் என்று ஊரில் விசாரித்துப் பார்க்கலாம்.