பீரோவில் இருக்கும் எழுபத்தைந்து டாலர்

என் பீரோ லாக்கரில் எழுபத்தைந்து அமெரிக்க டாலர் இருக்கிறது. நோட்டு இல்லை, காசு. இருபத்தைந்து காசுகளாகத் தாளில் சுற்றிய மூன்று ரோல்கள். போன மாதம் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் வாங்கி, எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தான். "காசு எடுக்கிறதில்ல சார், நோட்டு இருந்தா கொடுங்க" என்று திருப்பித் தந்துவிட்டான். முப்பத்து மூன்று வருடம் வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணியவன் நான். எனக்குக் கோபம் வரவில்லை. அமெரிக்காவிலேயே இதற்கு இதே மரியாதைதான் கிடைத்தது.

2010 டிசம்பரில் நானும் என் மனைவியும் நியூ ஜெர்சியில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். ரயில் நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தில் இருபது டாலர் நோட்டைச் செருகினேன். மீதிச் சில்லறை கடகடவென்று தங்க நிறத்தில் விழுந்தது. "என்னங்க, பணத்துக்குப் பதிலா டோக்கன் கொடுத்துடுச்சு" என்று பதறிவிட்டாள். அது டோக்கன் அல்ல, ஒரு டாலர் காசு. அன்று சாயங்காலம் மளிகைக் கடையில் அதைக் கொடுத்தபோது பில் போடும் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் தலையாட்டியதும் கல்லாப்பெட்டியின் தட்டைத் தூக்கி அதற்கு அடியில் போட்டாள். அந்தத் தட்டில் டாலர் காசுக்கென்று ஒரு அறை இல்லை.

வங்கிக்காரன் புத்தி சும்மா இருக்குமா? அன்று முதல் இந்தக் காசின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இதை மக்கள் கையில் சேர்க்க அமெரிக்க அரசு என் ஆயுளிலேயே நாலு தடவை முயன்றிருக்கிறது. 1971-ல் ஐசனோவர் படம் போட்டு அடித்த காசு 38 மில்லிமீட்டர் அகலம், 22 கிராமுக்கு மேல் எடை. நாலு போட்டால் பேண்ட் இறங்கிவிடும். சூதாட்ட விடுதிகளில் ஓடியது, வீதியில் ஓடவில்லை. சரி, சின்னதாக அடிப்போம் என்று 1979-ல் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆன்டனியின் படத்துடன் 26.5 மில்லிமீட்டரில் கொண்டுவந்தார்கள். அங்கேதான் வினை. கால் டாலர் காசு (அதை அங்கே குவார்ட்டர் என்பார்கள், நம்மூர் குவார்ட்டர் வேறு) 24 மில்லிமீட்டர் சொச்சம். நிறமும் ஒன்று, விளிம்பு வரியும் ஒன்று. குவார்ட்டர் என்று நினைத்து டாலரைக் கொடுத்துவிட்டு எத்தனை பேர் வயிறெரிந்தார்களோ. முதல் வருடமே 75 கோடிக்கு மேல் அடித்தவர்கள் 1981-ல் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து 2000-ல் தங்க நிறக் காசு. 1804-ல் கிளம்பிய லூயிஸ், கிளார்க் பயணக் குழுவோடு முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு நடந்த சக்காகவியா என்ற பழங்குடிப் பெண்ணின் படம் அதில். தங்கம் ஒரு பொட்டும் கிடையாது. நடுவே செம்பு, மேலே மாங்கனீஸ் கலந்த பித்தளை. புதிதில் மின்னும், கை பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். மக்களிடம் பரப்ப வால்மார்ட் கடைகள் வழியாகக் கொடுத்தார்கள், சீரியோஸ் என்ற காலை உணவு டப்பாக்களுக்குள்கூடப் போட்டார்கள். அந்த டப்பாக் காசுகள் சிலவற்றில் பின்பக்கக் கழுகின் வாலிறகு வேறு மாதிரி இருக்கிறது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அவை இன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விலை போகின்றன. சீரியலைச் சாப்பிட்டுவிட்டுக் காசைச் செலவழித்த குடும்பங்களை நினைத்துக்கொள்வேன். அந்த ஒரு வருடம் மட்டும் 120 கோடிக்கு மேல் அடித்தார்கள். அவையும் ஓடவில்லை.

நாலாவதுதான் என் பீரோவில் இருப்பது. 2007 பிப்ரவரி முதல், இறந்துபோன ஜனாதிபதிகளை வரிசையாக, வருடத்துக்கு நாலு பேர் என்று காசில் போட்டார்கள். இதில் வருடமும் "கடவுளை நம்புகிறோம்" என்ற வாசகமும் முதலில் விளிம்பில்தான் இருந்தன. வாஷிங்டன் காசுகளில் பல ஆயிரம், விளிம்பில் எழுத்தே இல்லாமல் வெளியே போய்விட்டன. கடவுள் இல்லாத டாலர் என்று ஒரே பரபரப்பு. சேகரிப்பவர்கள் வங்கி வங்கியாகப் போய் ரோல் வாங்கிப் பிரித்துத் தேடினார்கள். 2009-ல் அந்த வாசகத்தை முகப்புக்கு மாற்றினார்கள்.

ரோல்களை மக்களே செலவழிக்கட்டும் என்று அமெரிக்க நாணயச் சாலை 2008-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 250 காசு, அதாவது பத்து ரோல் அடங்கிய பெட்டியை முகமதிப்புக்கே, தபால் செலவுகூட இல்லாமல் வீட்டுக்கு அனுப்பும். என்ன நடந்தது தெரியுமா? கிரெடிட் கார்டில் வாங்கினால் விமான மைல் புள்ளி கிடைக்குமல்லவா? ஆட்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே வங்கியில் கட்டி, அந்தப் பணத்தில் கார்டு பாக்கியை அடைத்துவிட்டு, இலவசமாக விமானம் ஏறினார்கள். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது எனக்குப் பரிதாபப்பட்டது அந்த வங்கிக் காசாளர்களைத்தான். ஒரு பெட்டி இரண்டு கிலோ. சில்லறை மூட்டை தூக்கியவனுக்குத்தான் அந்த முதுகுவலி தெரியும். 2011 ஜூலையில் கிரெடிட் கார்டுக்குத் தடை போட்டார்கள்.

வங்கிகள் வாங்கிய காசை ஃபெடரல் ரிசர்வுக்குத் திருப்பின. சட்டப்படி புதிய ஜனாதிபதி வர வர அடித்தாக வேண்டும். அடித்தது பெட்டகத்தில் தூங்கியது. 140 கோடிக் காசு இப்படிச் சேர்ந்தபோது, 2011 டிசம்பரில், புழக்கத்துக்கு அடிப்பதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதன் பிறகு சேகரிப்பவர்களுக்கு மட்டும்தான்.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஒரு டாலர் நோட்டை அவர்கள் நிறுத்தவே இல்லை. கனடா 1987-ல் டாலர் காசு போட்டது, 1989-ல் நோட்டை நிறுத்தியது, காசு ஓடிவிட்டது. பக்கத்திலேயே உதாரணம் இருந்தும் இவர்கள் செய்யவில்லை. நோட்டை நிறுத்தினால் 30 வருடத்தில் 550 கோடி டாலர் மிச்சமாகும் என்று 2011-ல் சொன்ன அவர்களுடைய நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பே, நோட்டு இப்போது அதிக நாள் உழைப்பதால் மாற்றினால் நஷ்டம் என்று 2019-ல் சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், டாலரையே தன் நாணயமாக ஏற்ற ஈக்வடாரில் சக்காகவியா காசு சந்தையில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. நம்மூரில் பத்து ரூபாய் காசு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் அறிக்கை விட்ட பிறகும் பஸ்ஸில் வாங்க மறுத்தார்கள். வாங்குகிறவன் கை நீட்டவில்லை என்றால் சட்டம் என்ன செய்யும்?

என் மூன்று ரோல்களுக்கு வருகிறேன். 2011 பிப்ரவரியில், ஊர் திரும்பும் முன், பெண்ணோடு வங்கிக்குப் போனபோது கவுண்டரில் லிங்கன் ரோல்கள் இருப்பதை என் மனைவி பார்த்தாள். அந்த வரிசையில் அவளுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான். பேரப்பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆளுக்கொன்று என்று வாங்கினாள். "நாளைக்கு நல்ல விலை போகும், பாருங்க." போகாது, அரசாங்கமே வேண்டாம் என்று குவித்து வைத்திருக்கிறது என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அன்று டாலர் சுமார் 45 ரூபாய். மூன்று ரோலும் மூவாயிரத்துச் சொச்சம். இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. ரூபாய்க் கணக்கில் அவள் சொன்னதுதான் பலித்திருக்கிறது, ஆனால் இங்கே யாரும் மாற்றித் தரமாட்டேன் என்கிறார்கள். அங்கே கொண்டுபோனால் ஒரு ரோல் அதே இருபத்தைந்து டாலர்தான், அதற்குக் கிடைக்கும் சாமான்தான் குறைந்துவிட்டது. 2018-ல் அவள் போய்விட்டாள். ரோல்களின் மேல் பேரன் பேத்தி பெயரை அவளே பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கிறாள்.

மூத்த பேத்தி ஆகஸ்டில் கல்லூரியில் சேருகிறாள். நான் போகிறேன். போனில் விலையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். "அப்ப காப்பி குடிக்கலாம் தாத்தா, என் ரோலை நான் செலவழிச்சுடறேன்" என்றாள். தாளைக் கிழிக்காமல் ஒரு ஓரமாகப் பிரிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். உள்ளே காசு மின்னுகிறதா, பழுத்துவிட்டதா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. மூன்றும் சேர்ந்து 600 கிராம். கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள் என் பெண்.