கேமராவுக்கு முந்திய சட்டம்

பெண்ணுக்குத் தெரியாமல் அவளை அந்தரங்க நிலையில் படமெடுத்தவன் கோலாலம்பூரில் பிடிபட்டால், வழக்கமாகக் கைக்கு வருவது குற்றவியல் சட்டத்தின் 509ஆவது பிரிவு. அந்தச் சட்டத்தின் பூர்வீகம் இந்தியா. மெக்காலே தலைமையிலான சட்டக் குழு 1837இல் தீட்டிய வரைவு 1860இல் அங்கே சட்டமானது. 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. 1936இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தொகுப்பாகி, 1976இல் மலேசியா முழுமைக்கும் விரிந்தது. பாரிஸில் தாகேரின் படக்கருவி முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். ஆகவே 509 மனத்தில் வைத்திருக்கும் குற்றவாளி எதிரே வந்து நிற்பவன். மானத்தைக் கெடுக்கும் எண்ணத்தோடு அவன் சொல்லும் சொல் அவள் காதில் விழவேண்டும், காட்டும் சைகை அவள் கண்ணில் படவேண்டும் என்பதும் அவன் எண்ணமாக இருக்கவேண்டும். கடைசியில் ‘அந்தரங்கத்தில் தலையிடுதல்’ என்று ஒரு துண்டு. ரகசியக் கேமரா வழக்குகள் அந்தத் துண்டைத்தான் நம்பியிருக்கின்றன.

ஆள் எதிரே நின்றபோது இப்பிரிவு வேலை செய்திருக்கிறது. 2003இல் கோலாலம்பூர் கேளிக்கை விடுதியொன்றில் தன்னார்வப் படையான ரேலாவும் இஸ்லாமியச் சமய இலாகாவும் சேர்ந்து சோதனை நடத்தின. பிடிபட்ட பெண் கழிப்பறைக்குப் போகக் கேட்டதற்கு, லாரிக்குள்ளேயே போகச் சொன்னார்கள். தோழிகள் சால்வையால் மறைத்தார்கள். ரேலாக்காரர் ஒருவர் அந்த மறைப்பை விலக்கிப் படமெடுத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு 509இன் கீழ் சிறை சென்றார். உரிமையியல் வழக்கில் அந்தப் பெண்ணுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் இழப்பீடும் கிடைத்தது. ஆனால், பெட்டாலிங் ஜெயா போலீஸ் நிலையத்தில் 2005இல் நிர்வாணமாகத் தோப்புக்கரணம் போடவைக்கப்பட்ட பெண்ணைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தது அவளுக்குத் தெரியாமல். விசாரணை ஆணையம் அமைந்தது, தோப்புக்கரணம் பற்றி நாடே பேசியது. படமெடுத்தது தனிக் குற்றமா என்ற கேள்வி பின்னுக்குப் போனது. 2009இல் சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரை அவர் அறியாமல் எடுத்த படங்கள் பரவியபோது, பதவி விலக முன்வந்தவர் அவர்தான்!

509இல் ஐந்தாண்டுச் சிறை வரை இடமிருக்க, ரகசியப் படமெடுப்புக்கென்று இன்னொரு சட்டம் எதற்கு என்பார்கள். தண்டனையின் நீளமல்ல இங்கே சிக்கல், எண்ணத்தை நிரூபிப்பது. கிள்ளானில் ஒரு துணிக்கடையின் உடைமாற்றும் அறையில் கேமரா ஒளித்தவனுக்கு அவள் அதைப் பார்க்கக்கூடாது என்பதே முழுக்கவலை. ‘அவமதிக்க நினைக்கவில்லை, அவளுக்குத் தெரியவே தெரியாதே’ என்று அவன் வழக்கறிஞர் வாதாட 509 இடம் தருகிறது. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு போதாதா என்றால், அது அனுப்பியவனைப் பிடிக்கும்; எடுத்துத் தன் தொலைபேசியிலேயே வைத்திருப்பவனைப் பிடிக்காது.

புதிய குற்றம் என்றால் அதிகாரத்தின் கையில் இன்னொரு பிரம்பு என்ற அச்சம் நியாயமானதுதான். அன்றைய பிரதமர் நஜிப்பைக் கோமாளியாக வரைந்த ஓவியர் ஃபாமி ரேசா 2018இல் தண்டிக்கப்பட்ட நாடு இது. ஆனால் அவரை மாட்டியது அகலமான சொற்கள் கொண்ட அதே 233. அகலமான சட்டத்தை அந்தரங்கப் படங்களுக்கும் இழுத்து நீட்டுவதைவிட, இன்ன உறுப்பு, இன்ன செயல், சம்மதம் இல்லை என்று வரையறுத்த ஒடுக்கமான பிரிவு எவ்வளவோ பாதுகாப்பு. அதே மெக்காலே தொகுப்பில் வளர்ந்த இந்தியா 2013இல் இதைச் செய்தது. 2020 தொடக்கத்திலிருந்து சிங்கப்பூரிலும் தனிக் குற்றம். அங்கே அந்தரங்கத்தைப் படமெடுக்கும் நோக்கத்தோடு கேமராவைப் பொருத்தினாலே போதும், படம் பதிவாகியிருக்க வேண்டியதில்லை. அலமாரியைப் பார்க்கும் கடைக் கேமராவோ, தெருவைப் படமெடுப்பவரோ அதில் மாட்டுவதில்லை.