கெப்போங் காடு: ஈயமண்ணில் வளர்ந்த கற்பூர மரங்கள்

சிலாங்கூர், கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் வனப் பூங்கா, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மலேசியாவிலிருந்து அப்பட்டியலில் சேர்ந்த ஆறாவது இடம் இது. கோலாலம்பூர் வட்டாரத்தில் வசிப்போருக்கு ஒரு காலைப்பொழுதில் போய்த் திரும்பும் தொலைவுதான்.

இது ஆதிக்காடு அன்று. மனிதர் நட்டு வளர்த்த காடு. ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் வளமிழந்த நிலத்தை, 1926இல் வன ஆய்வாளர் பாக்ஸ்வொர்தி ஆராய்ச்சி நிலையத்திற்காகத் தேர்ந்தெடுத்தார். அதன் பின் நடப்பட்ட மரங்களே இன்று வானை மறைக்கின்றன. கெட்டுப்போன மண் மீளும், ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு பிடிக்கும் என்பதை, ஈயக்குட்டைகளையும் கைவிடப்பட்ட தோட்டங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே கண்கூடாகக் காணலாம்.

பாதைகளில் நடப்போர் தவறாமல் அண்ணாந்து பார்ப்பது கபூர் மரங்களை. பக்கத்து மரங்களின் உச்சிக் கிளைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே வானம் மெல்லிய கோடுகளாய், வறண்ட வயலின் வெடிப்புபோலத் தெரியும். காற்றில் உரசித்தான் கிளைகள் தேய்கின்றன என முன்பு கருதினர். இங்கு ஆய்வு செய்த பிரான்சிஸ் இங் 1977இல் அதற்குச் சான்றில்லை என்றார். பக்கத்து மரத்தை நெருங்கும்போது குறையும் வெளிச்சத்தை உணர்ந்து தளிர் நுனி வளர்ச்சியை நிறுத்துகிறது என்பது அவர் கருத்து.

கபூர் என்ற பெயரும் நம் கற்பூரமும் உறவுச் சொற்கள். பழங்காலத்தில் பச்சைக் கற்பூரம் தந்தது இம்மரமே. அதன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற சுமத்ராவின் பாருஸ் துறைமுகப் பகுதியில், தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. (கோயிலில் இன்று நாம் ஏற்றும் சூடம் வேறு, அது பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்கு.)

மழைக்கு மறுநாள் பாதை வழுக்கும், அட்டையும் ஏறும். மூடிய காலணி அணிவது நல்லது. குரங்குகளுக்குத் தீனி போடக்கூடாது. உணவு கிடைத்துப் பழகிய குரங்கு அடுத்து வருபவரின் பையைப் பறிக்கும். கபூர் இலையைப் பறிக்க வேண்டியதில்லை. கீழே கிடப்பதைக் கசக்கி முகர்ந்தாலே மண்ணெண்ணெய் போன்ற வாடை வரும்.