குவைத்: கடலும் மணலும் எண்ணெயும்

உலக வரைபடத்தில் குவைத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். பாரசீக வளைகுடாவின் வடமேற்கு மூலையில், ஈராக்குக்கும் சவூதி அரேபியாவுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு நாடு அது. பரப்பளவு 17,818 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஆனால் இந்தச் சிறிய நிலத்துக்காக 1991-ல் உலகின் பெரிய படைகள் எல்லாம் திரண்டு வந்தன. அப்படி என்ன இருக்கிறது அங்கே? ஒரே வார்த்தையில் சொன்னால், எண்ணெய். ஆனால் குவைத்தின் கதை எண்ணெயில் தொடங்கவில்லை. தண்ணீர் இல்லாத ஒரு துறைமுகத்தில் தொடங்கியது.

நிலமும் நீரும்

குவைத்தில் ஓர் ஆறு கூடக் கிடையாது. நிரந்தரமான ஏரியும் இல்லை. பெரும்பகுதி தட்டையான பாலைவனம். கோடைக்கால வெயில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். 2016 ஜூலையில் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி பதிவானது. ஆசியக் கண்டத்தில் நம்பகமாக அளக்கப்பட்ட மிக உயர்ந்த வெப்பநிலைகளில் இதுவும் ஒன்று.

நாட்டுக்குச் சொந்தமாக ஒன்பது தீவுகள் உண்டு. இவற்றில் புபியான் மிகப் பெரியது. ஃபைலகா தீவில் பழைய தில்முன் நாகரிகத்தின் எச்சங்களும், அலெக்சாந்தருக்குப் பின் வந்த கிரேக்கர்களின் குடியிருப்பும் அகழ்வாய்வில் கிடைத்துள்ளன.

கிணற்றுத் தண்ணீர் போதாத காலத்தில், ஈராக்கின் ஷத்-அல்-அரப் ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பல்களில் குடிநீர் ஏற்றி வந்து ஊருக்குள் விற்றார்கள். 1953-ல் ஷுவைக்கில் அரசின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகுதான் இந்த நிலை மாறியது. இன்று நாட்டின் சின்னமாக எல்லாப் படங்களிலும் காணப்படும் குவைத் கோபுரங்களின் பெரிய உருண்டைகளில் இருப்பதும் தண்ணீர்தான். 1979-ல் திறக்கப்பட்ட அந்தக் கோபுரங்கள் அடிப்படையில் நீர்த்தொட்டிகள்!

முத்துக் குளித்த காலம்

'கூத்' என்றால் கோட்டை. அதிலிருந்தே குவைத் என்ற பெயர் வந்தது. 18-ம் நூற்றாண்டில் அரேபியாவின் உட்பகுதியிலிருந்து வந்த பனீ உதூப் மக்கள் இங்கே குடியேறினர். அவர்களில் வணிகக் குடும்பங்கள் கடலைப் பார்த்துக்கொண்டன. நிர்வாகத்தை சபா குடும்பத்திடம் ஒப்படைத்தன. ஆட்சியாளர் வாள் கொண்டு வென்றவர் அல்ல, மற்றவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற நினைவு குவைத் மக்களிடம் இன்றும் உண்டு. அதன் அரசியலைப் புரிந்துகொள்ள இது முக்கியமான செய்தி.

முத்துக் குளித்தலும், கப்பல் கட்டுவதும், கடல் வணிகமும் தொழில்கள். கப்பல் கட்டத் தேக்கு மரம் மலபார் கரையிலிருந்து போனது. பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு குவைத் கப்பல்கள் இந்தியாவுக்கு வந்தன. இந்திய ரூபாயே அங்கு நாணயமாகவும் இருந்தது. 1959-ல் வளைகுடாவுக்கென்று ரிசர்வ் வங்கி தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. 1961-ல் குவைத் தினார் வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்த பிறகு 1930-களில் குவைத்தின் முத்துத் தொழில் படுத்துவிட்டது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. ஒரே தொழிலை நம்பினால் என்ன ஆகும் என்பதைக் குவைத் அப்போதே பார்த்துவிட்டது.

எல்லைகள்

1899-ல் ஷேக் முபாரக் பிரிட்டனுடன் ஒப்பந்தம் செய்தார். ஒட்டோமான் பேரரசிடமிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. பதிலுக்கு வெளியுறவு பிரிட்டன் கைக்குப் போனது. 1922-ல் உகைர் என்ற இடத்தில் பிரிட்டிஷ் அதிகாரி பெர்சி காக்ஸ் எல்லைக்கோடுகளை வரைந்தபோது, குவைத் தன்னுடையது என்று கருதிய நிலத்தில் பெரும்பகுதி இப்னு சவூதிடம் போய்விட்டது. பாதுகாவலரே கொடுத்த இந்த அடியைக் குவைத்தால் தடுக்க முடியவில்லை.

1961 ஜூன் 19 அன்று குவைத் சுதந்திரம் பெற்றது. சில நாட்களிலேயே ஈராக்கின் தலைவர் காசிம், குவைத் தங்கள் நாட்டின் பகுதி என்று உரிமை கோரினார். பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. பிறகு அரபு லீக் படை அதன் இடத்துக்கு வந்தது. 1990-ல் நடக்கப்போவதற்கு இது ஒரு முன்னோட்டம்.

எண்ணெய்

1934-ல் பிரிட்டிஷ், அமெரிக்க நிறுவனங்கள் பாதிக்குப் பாதி பங்கு வைத்திருந்த குவைத் எண்ணெய் நிறுவனத்துக்கு உரிமம் தரப்பட்டது. 1938-ல் புர்கானில் எண்ணெய் பீறிட்டது. உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று அது. இரண்டாம் உலகப் போரால் வேலை தடைபட்டு, 1946 ஜூன் 30 அன்றுதான் முதல் ஏற்றுமதிக் கப்பல் புறப்பட்டது. 1960-ல் ஒபெக் அமைப்பை நிறுவிய ஐந்து நாடுகளில் குவைத்தும் ஒன்று. 1975-ல் குவைத் எண்ணெய் நிறுவனம் முழுவதும் நாட்டுடைமையானது.

குவைத்தின் எண்ணெய் இருப்பு சுமார் 10,000 கோடி பீப்பாய் என்று கணக்கிடப்படுகிறது. குடிமக்களுக்கு இலவசக் கல்வி, மருத்துவம், வீட்டு உதவி, அரசு வேலை எல்லாம் உண்டு. தனிநபர் வருமான வரி கிடையாது.

ஆனாலும் முத்துக் காலத்துப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. சுதந்திரத்துக்கு முன்பே, 1953-ல், எண்ணெய் வருமானத்தை வெளிநாட்டில் முதலீடு செய்ய லண்டனில் ஒரு வாரியம் அமைத்தனர். உலகின் முதல் அரசு முதலீட்டு நிதியாகப் பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1976-ல் 'வருங்காலத் தலைமுறை நிதி' உருவானது.

1990 ஆகஸ்ட் 2

ஈரானுடன் எட்டு ஆண்டுகள் போரிட்ட ஈராக், குவைத்திடம் பெரும் கடன் பட்டிருந்தது. குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைக் குறைக்கிறது, ருமைலா வயலிலிருந்து திருடுகிறது என்று சதாம் உசேன் குற்றம் சாட்டினார். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் நுழைந்தன. அமீர் சவூதிக்குத் தப்பினார். நாடே இல்லாத அந்த ஏழு மாதங்களில் அரசையும் அகதிகளான மக்களையும் காப்பாற்றியது வெளிநாட்டில் போட்டு வைத்த அந்த முதலீடுகள்தான்.

இந்தியா தன் மக்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானங்களில் மீட்டு வந்தது. 1991 பிப்ரவரி 26-ல் குவைத் விடுதலை பெற்றது. பின்வாங்கிய ஈராக் படை 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணற்றை அணைக்க நவம்பர் மாதம் ஆனது.

ஆட்சிமுறை

குவைத் ஓர் அமீரகம். 2023 டிசம்பரில் ஷேக் மிஷால் அமீரானார். 1962-ல் எழுதப்பட்ட அரசியல் சட்டம் 50 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தேசிய சபையை ஏற்படுத்தியது. வளைகுடா மன்னராட்சிகளில் அமைச்சர்களை நிறுத்திக் கேள்வி கேட்கும் துணிச்சல் இந்தச் சபைக்குத்தான் இருந்தது. 2006-ல் உடல்நலமில்லாத அமீர் ஷேக் சாதை விலக்கவும் அது வாக்களித்தது. 2005-ல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 2009-ல் நான்கு பெண்கள் வென்றனர்.

ஆனால் 1976, 1986 ஆண்டுகளில் சபை முடக்கப்பட்டது. 2024 மே 10 அன்று அமீர் மிஷால் மீண்டும் சபையைக் கலைத்து, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்தி வைத்தார்.

யார் குவைத்தி?

குவைத்தில் வாழும் சுமார் 50 லட்சம் பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே குடிமக்கள். மற்றவர்கள் வேலைக்கு வந்தவர்கள். அவர்களில் இந்தியர்களே அதிகம். ஏறத்தாழ 10 லட்சம் பேர். 1959-ன் சட்டப்படி, 1920-க்கு முன்பு குடியேறியவர்களின் வம்சமே அசல் குடிமக்கள். அந்தப் பதிவில் விடுபட்டுப்போன 'பிதூன்' மக்கள், சுமார் ஒரு லட்சம் பேர், பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக இருக்கிறார்கள்.

'கஃபாலா' முறைப்படி வெளிநாட்டுத் தொழிலாளியின் அனுமதி அவருடைய முதலாளியைச் சார்ந்தே இருக்கிறது. வீட்டு வேலை செய்வோருக்கு 2015-ல் தனிச் சட்டம் வந்தது ஒரு முன்னேற்றம். 2024 ஜூன் 12 அன்று மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து, குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தனர். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். உலகிலேயே மதிப்பு மிக்க நாணயமான தினாரைச் சம்பாதிக்கப் போனவர்கள் அவர்கள்.

முடிவாக

முத்து போனது, எண்ணெய் வந்தது. எண்ணெயும் ஒருநாள் போகும் என்று தெரிந்தே குவைத் பணத்தைச் சேமித்து வைத்தது. அந்த வகையில் அது புத்திசாலி நாடு. ஆனால் 'வருங்காலத் தலைமுறை' என்று அந்த நிதிக்குப் பெயர் வைத்தபோது யாருடைய பிள்ளைகளை நினைத்தார்கள் என்பது இன்னும் பதில் கிடைக்காத கேள்வி. கட்டடம் கட்டியவனும், வீடு பெருக்கியவளும், அங்கேயே பிறந்து அடையாள அட்டை இல்லாமல் வளர்ந்தவனும் அந்தக் கணக்கில் இல்லை. எண்ணெய் தீர்வதற்கு முன் குவைத் தீர்க்க வேண்டிய கணக்கு அதுதான்.